பெயரை இழந்தவர், பேறு பெற்றவர்



குழந்தைக்குத் திருமுழுக்கு வழங்கும் நாளில், குருவானவர் பெற்றோரிடம் முதலில் கேட்பது குழந்தையின் பெயரைத்தான். மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்குப் பின்புதான். மனிதருக்கு இவ்வுலகில் முதலில் கிடைக்கும் சொத்து பெயரே. பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று நம் முன்னோர் ஏங்கினர். நல்ல பேர் எடு, பேரைக் கெடுத்துக் கொள்ளாதே என்று இன்றும் நம் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கின்றனர்.

ஆனால் பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் ஒன்று இருக்க, தெருவும் பள்ளிக்கூடமும் வைக்கும் பெயர் வேறொன்று இருக்கிறது. கண்ணாடி அணிந்த பையன் சோடாபுட்டி ஆகிறான். மெலிந்த பெண் ஒட்டடைக்குச்சி ஆகிறாள். நிறம் குறைந்த பிள்ளையைக் கருவாயன் என்றும் கருப்பி என்றும் அழைக்கிறோம். வைத்தவர் மறுநாளே மறந்துவிடுவார். அதைச் சுமப்பவரோ அறுபது வயதிலும் மறப்பதில்லை.

தன் சொந்தப் பெயரை முற்றிலும் இழந்து, பிறர் வைத்த பெயர்களோடே வாழ்ந்து, புனிதராகத் திருஅவையின் பீடத்திற்கு உயர்ந்த ஒரு பெண்ணின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர்தான் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 8-ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித ஜோசபின் பக்கித்தா.

பெயர் பறிபோன நாள்

ஆப்பிரிக்காவின் சூடான் நாட்டில், டார்ஃபூர் பகுதியில், ஓல்கோசா என்ற சிற்றூரில் ஏறத்தாழ 1869-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை ஊர்த் தலைவரின் உடன்பிறந்தவர். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை என்று வீடு நிறையப் பிள்ளைகள். ஆயினும் அந்த மண்ணில் ஓர் அச்சம் எப்போதும் இருந்தது. அடிமை வியாபாரிகள் திடீரென ஊருக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்துச் செல்வார்கள். அவருடைய அக்காள் ஒருவர் அப்படித்தான் பிடித்துச் செல்லப்பட்டார்.

சில ஆண்டுகளுக்குப் பின், 1877-ஆம் ஆண்டு வாக்கில், அவருக்கு ஏழு எட்டு வயது இருக்கும்போது அதே கொடுமை அவருக்கும் நேர்ந்தது. தோழி ஒருத்தியோடு ஊருக்கு வெளியே போயிருந்தபோது ஆயுதம் ஏந்திய அந்நியர் இருவர் எதிர்ப்பட்டனர். தோழியை முன்னால் அனுப்பிவிட்டு, இச்சிறுமியைத் தனியே இழுத்துக்கொண்டு காட்டு வழியே நடக்கத் தொடங்கினர்.

வழியில் அவர்கள் அவளுடைய பெயரைக் கேட்டார்கள். பயத்தில் நாக்கு எழவில்லை. பதில் வரும்வரை அவர்கள் பொறுத்திருக்கவும் இல்லை. அவர்களுக்கு அவசரம். ஆகவே தாங்களே அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். பக்கித்தா என்பது அந்தப் பெயர். அரபு மொழியில் அதற்கு அதிர்ஷ்டசாலி, பேறு பெற்றவள் என்று பொருள்.

கை கட்டப்பட்டு, தாயின் முகத்தை இனி ஒருபோதும் காண முடியாத பாதையில் நடக்கும் ஒரு குழந்தைக்குப் பேறு பெற்றவள் என்று பெயர்! பிடித்து வந்த அடிமைகளுக்கு அதிர்ஷ்டம், மகிழ்ச்சி என்று பொருள்படும் பெயர்களை வைப்பது அக்கால அடிமை வியாபாரத்தில் வழக்கமாகவே இருந்தது. வாங்குகிறவருக்கு அந்தப் பெயர் இனிமையாக ஒலிக்கும். சுமக்கிறவரின் மனத்தைக் கேட்பவர் யார்?

அந்தப் பயங்கரத்தில் பெற்றோர் வைத்த பெயரை அச்சிறுமி மறந்தே போனாள். பிற்காலத்தில் எவ்வளவு முயன்றும் அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

விலைக்குப் போன வாழ்வு

எல் ஓபெய்ட் நகர் வரை பல நூறு கிலோமீட்டர் தூரம் அச்சிறுமி வெறுங்காலோடு நடத்திச் செல்லப்பட்டாள். இடையில் ஒருமுறை இன்னொரு சிறுமியோடு தப்பி ஓடினாள். ஆனால் உதவுவதுபோல் வந்த ஒரு மனிதன் இருவரையும் ஆட்டுப்பட்டியில் அடைத்து வைத்து, மீண்டும் வியாபாரியிடமே விற்றுவிட்டான். எல் ஓபெய்டிலும் கார்ட்டூமிலும் சந்தைப் பொருளாக அவள் கைமாறினாள்.

ஒரு செல்வர் வீட்டில் அவருடைய மகள்களுக்குப் பணிப்பெண்ணாக இருந்தாள். அந்த வீட்டு மகனின் கோபத்துக்கு ஒருநாள் ஆளானபோது, ஒரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அளவுக்கு அடிபட்டாள். பின்பு துருக்கியப் படைத்தளபதி ஒருவரின் வீட்டுக்கு விற்கப்பட்டாள். அங்கே சாட்டையடி படாத நாளே இல்லை எனலாம். அடிமை தமக்குரியவள் என்று காட்ட, அவள் உடலில் கத்தியால் கோலங்கள் கீறி, புண் ஆறி மறைந்துவிடாதபடி அதில் உப்பைத் தேய்த்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட வடுக்கள் சாகும்வரை அவர் உடலில் இருந்தன.

பெயரைப் பறித்தவர்கள் முதலில் சொல்லால் அவளைத் தங்களுடையவள் ஆக்கினார்கள். அடுத்து வந்தவர்கள் கத்தியால் அதையே எழுதினார்கள். மனிதரை அவருக்குரிய பெயரால் அழைக்காத இடத்தில் தொடங்கும் அவமதிப்பு எதுவரை போகும் என்பதற்கு அந்த வடுக்களே சாட்சி.

1883-ஆம் ஆண்டு கார்ட்டூமில் கலிஸ்தோ லெஞ்ஞானி என்ற இத்தாலியத் துணைத் தூதர் பக்கித்தாவை விலைகொடுத்து வாங்கினார். அந்த வீட்டில்தான் முதன்முறையாக யாரும் அவளை அடிக்கவில்லை. உடுத்திக்கொள்ள நல்ல உடை கிடைத்தது. மாதியின் கிளர்ச்சிப் படைகள் கார்ட்டூமை நெருங்கியபோது லெஞ்ஞானி தாய்நாடு திரும்பினார். தன்னையும் அழைத்துப் போகும்படி பக்கித்தா மன்றாடினார். 1885-ஆம் ஆண்டு கப்பல் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தை அடைந்தது. அங்கே லெஞ்ஞானியின் நண்பர் மிக்கியேலியின் குடும்பத்திற்கு அவர் கொடுக்கப்பட்டார். வெனிஸ் நகருக்கு அருகே மிரானோ வட்டாரத்தில் அவர்களுடைய வீடு. அவர்களுக்குப் பிறந்த மிம்மீனா என்ற பெண் குழந்தையை வளர்க்கும் பொறுப்பு பக்கித்தாவுக்குக் கிடைத்தது.

முதன்முறையாகச் சொன்ன மறுப்பு

மிக்கியேலி குடும்பம் செங்கடல் கரையில் உள்ள சுவாக்கின் நகரில் ஒரு தங்கும் விடுதியை வாங்கியது. அதற்காக வீட்டு அம்மாள் அங்கே சென்றபோது, 1888-ஆம் ஆண்டு, குழந்தையும் பக்கித்தாவும் வெனிஸ் நகரில் கனோசியன் அருள்சகோதரிகளின் இல்லத்தில் விடப்பட்டனர். அது திருமுழுக்குப் பெற ஆயத்தம் செய்வோருக்கான இல்லம். மிக்கியேலியின் பண்ணையைக் கவனித்துவந்த இல்லுமினாத்தோ கெக்கீனி என்ற நல்ல மனிதர் அதற்கு முன்பே பக்கித்தாவின் கையில் ஒரு சிறு வெள்ளிச் சிலுவையைக் கொடுத்திருந்தார். அதில் தொங்குகிறவர் யார் என்பதை அந்த இல்லத்தில்தான் அவர் முழுமையாக அறிந்துகொண்டார்.

சிறுவயதில் கதிரவனையும் நிலவையும் விண்மீன்களையும் பார்த்து, இவற்றுக்கெல்லாம் எசமானர் யாரோ என்று அவர் வியந்ததுண்டு. அந்த எசமானர் தன்னை அறிந்திருக்கிறார், தன்னை அன்பு செய்கிறார், அவரும் சாட்டையடி பட்டவர் என்று கேட்டபோது அவர் உள்ளம் அசைந்தது.

வீட்டு அம்மாள் திரும்பி வந்து, ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும்படி அழைத்தார். வாழ்நாளில் முதன்முறையாகப் பக்கித்தா மறுத்தார். வற்புறுத்தியும் அசையவில்லை. விவகாரம் வெனிஸ் மறைமுதுவர் கர்தினால் தொமேனிக்கோ அகொஸ்தினி வரைக்கும், அரசு அதிகாரிகள் வரைக்கும் சென்றது. இத்தாலியச் சட்டம் அடிமை முறையை ஏற்பதில்லை. ஆகவே இப்பெண் யாருக்கும் சொந்தமானவர் அல்லர் என்று 1889-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. அடிமை என்ற சொல் அன்று அவரைவிட்டு நீங்கியது.

1890-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் மறைமுதுவரின் கரங்களால் திருமுழுக்கும் உறுதிபூசுதலும் புதுநன்மையும் பெற்றார். ஜோசபின், மார்கரெட் என்ற பெயர்களோடு ஃபோர்த்துனாத்தா என்ற பெயரும் அவருக்கு இடப்பட்டது. ஃபோர்த்துனாத்தா என்பது பக்கித்தா என்ற அரபுச் சொல்லின் இலத்தீன் வடிவம்.

அன்பர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கொடியவர்கள் வைத்த பெயர் அது. அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் வியாபாரிகள் பொய்யாகச் சொன்ன அந்தச் சொல்லை இறைவன் திருமுழுக்குத் தண்ணீரில் மெய்யாக்கினார். பேறு பெற்றவள் என்ற பெயருக்கு அன்றுதான் பொருள் வந்தது. தான் கடவுளின் மகளாக மாறிய இடம் இது என்று சொல்லிச் சொல்லி, திருமுழுக்குத் தொட்டியை அவர் அடிக்கடி முத்தமிட்டு வந்தார்.

கருநிறச் சகோதரி

1893-ஆம் ஆண்டு கனோசியன் சபையின் நவதுறவகத்தில் சேர்ந்தார். 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமலோற்பவ அன்னை பெருவிழாவன்று, வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902-ஆம் ஆண்டு வட இத்தாலியில் கம்பளி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஸ்கீயோ என்ற நகருக்கு அனுப்பப்பட்டார். இடையில் சில ஆண்டுகள் தவிர, தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார். சமைத்தார், துணி தைத்தார், பூவேலை செய்தார், திருப்பண்ட அறையைக் கவனித்தார், வாசலில் நின்று வருவோரை வரவேற்றார்.

ஆப்பிரிக்கர் ஒருவரை அந்த ஊர் மக்களில் பெரும்பாலோர் அதுவரை கண்டதில்லை. அவரை அவர்கள் மாத்ரே மொரெத்தா என்று அழைத்தனர். கருநிறத்தவர் என்று பொருள்படும் சொல்லைச் சற்றே குழைத்துச் சொன்ன செல்லப்பெயர் அது. எங்கள் கருப்பு அம்மா என்று நம் ஊரில் சொல்வது போல.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நிறத்தை வைத்து அழைத்தது தவறில்லையா? நம் கிராமங்களில் கருப்பாயி, கருத்தம்மா என்று ஆசையோடு பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. அதே சொல்லைத் திரித்து, பெண் பார்க்க வந்த இடத்திலும் வகுப்பறையிலும் ஒரு பெண்ணை அழவைப்பதும் உண்டு. சொல் ஒன்றுதான். சொல்லுகிறவரின் மனம் வேறு. முதலில் ஸ்கீயோ மக்களும் அவருடைய நிறத்தை மட்டுமே பார்த்திருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் அவர் குரலை அறிந்தார்கள். வாசலுக்கு வந்த தங்கள் பிள்ளைகளின் தலைமீது அவர் கை வைத்து ஆசீர்வதித்ததை அறிந்தார்கள். அந்தப் பெயர் ஒரு நிறத்தின் பெயராக நின்றுவிடாமல், ஓர் ஆளின் பெயராக ஆயிற்று.

ஒருவரை அறிந்த பின்பு அன்பினால் பிறக்கும் செல்லப்பெயர் வேறு. அவரை அறியாமலேயே, அறிய விரும்பாமலேயே சூட்டும் பட்டப்பெயர் வேறு.

அவர் வைத்த பெயர்

பிறர் அவருக்கு வைத்த பெயர்களைப் பார்த்தோம். அவர் பிறருக்கு என்ன பெயர் வைத்தார்?

கடவுளை அவர் பரோன் என்று அழைத்தார். வெனிஸ் பகுதியின் பேச்சுவழக்கில் அது எசமானரைக் குறிக்கும் சொல். நம் வயல்வெளிகளில் ஒரு காலத்தில் ஆண்டை என்று அழைத்தார்களே, அதைப் போன்றது. ஆண்டை என்ற சொல்லும் ஆண்டவர் என்ற சொல்லும் ஆள் என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை. எசமானர்களின் கையில் இவ்வளவு துன்பப்பட்ட ஒருவர், அந்தச் சொல்லையே வெறுத்திருக்க வேண்டும். அவரோ அதைக் கழுவித் தூய்மையாக்கிக் கடவுளுக்குக் கொடுத்தார். எத்தனையோ எசமானர்களுக்குப் பின் உண்மையான எசமானரைக் கண்டுகொண்ட நிறைவு அதில் இருந்தது.

தம்மைக் கடத்தியவர்களையும் கொடுமைப்படுத்தியவர்களையும் அவர் எந்த வசைச் சொல்லாலும் குறிப்பிடவில்லை. அவர்களை இப்போது சந்தித்தால் மண்டியிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன் என்ற பொருளில் பேசினார். அவர்கள் வழியாகத்தான் தாம் கிறிஸ்தவராகவும் துறவியாகவும் ஆனதாக அவர் கருதினார். அடிமைத்தனம் சரியென்று இதற்குப் பொருளல்ல. சுவாக்கினுக்குத் திரும்ப மறுத்தவர் அவர். அநீதிக்கு மறுப்புச் சொல்லவும், அநீதி செய்தவரை மன்னிக்கவும் ஒரே மனத்தால் முடியும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

1931-ஆம் ஆண்டு இதா சனோலினி என்பவர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு வெளியானது. இத்தாலியெங்கும் அவர் புகழ் பரவியது. பல ஊர்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பேச்சு அதிகம் வராத எளிய மனிதர். ஆனாலும் கூட்டம் கூடியது.

முதுமையில் நோயும் வலியும் வாட்டின. சக்கர நாற்காலியில் வலம் வந்தார். இறுதி நாள்களில் நினைவு தடுமாறியபோது பழைய அடிமை நாள்கள் திரும்பி வந்தன. சங்கிலி கனக்கிறது, கொஞ்சம் தளர்த்தி விடுங்கள் என்று தம்மைக் கவனித்த சகோதரியிடம் கெஞ்சினார். எழுபது ஆண்டுகள் ஆகியும் அந்தக் காயம் உள்ளே இருந்தது என்பதை இதனால் அறிகிறோம். 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், அன்னை மரியாவின் பெயரைச் சொல்லி அழைத்தபடியே உயிர் நீத்தார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் அவரை அருளாளராக அறிவித்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் அத்திருத்தந்தை கார்ட்டூமுக்கே சென்றார். ஒரு காலத்தில் பக்கித்தா விலைகூறி விற்கப்பட்ட அதே நகரில், அவருடைய பெயர் போற்றுதலோடு ஒலித்தது. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டு எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் தொடக்கத்திலேயே, எதிர்நோக்கு என்றால் என்ன என்பதற்கு இவரை எடுத்துக்காட்டாக வைத்தார். 2015 முதல் பிப்ரவரி 8-ஆம் நாள், மனித வணிகத்திற்கு எதிரான பன்னாட்டு இறைவேண்டல் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் நாவில் உள்ள பெயர்கள்

அன்பார்ந்தவர்களே, அடிமைச் சந்தைகளைப் பற்றிக் கேட்கும்போது நாம் அந்த வியாபாரிகளைப் போன்றவர்கள் அல்ல என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் காட்டு வழியில் நடந்ததை மீண்டும் பாருங்கள். அவர்கள் பெயரைக் கேட்டார்கள். பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. தங்களுக்கு வசதியான பெயரை வைத்துக்கொண்டார்கள். இதை நாம் செய்வதில்லையா?

நம் வீட்டுக்குப் பத்து ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்க வரும் அம்மாவின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா, வேலைக்காரி என்ற சொல் மட்டும்தான் தெரியுமா? நம் ஊரில் கட்டடம் கட்ட வந்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளரை வடக்கன் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவருக்கும் ஒரு தாய் ஆசையோடு பெயர் வைத்திருக்கிறார். நம் பங்கிலேயே சிலரைப் பற்றிப் பேசும்போது, பெயரைச் சொல்லாமல் அந்தத் தெரு ஆட்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லையா? அந்தச் சொல்லுக்குள் எந்தச் சாதியை ஒளித்து வைத்திருக்கிறோம் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஞாயிறு திருப்பலியில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்டு, வாசலைத் தாண்டியதும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது எப்படி?

கடவுள் இப்படிச் செய்வதில்லை. ஆபிராமுக்கு ஆபிரகாம் என்றும், சீமோனுக்குப் பேதுரு என்றும் அவரும் பெயர் வைத்தார். ஒருவருடைய குறையைச் சுட்டிக்காட்ட அல்ல, அவர் என்னவாக ஆகப்போகிறார் என்பதைச் சொல்லவே அப்பெயர்களை வைத்தார். இறைவன் நம்மைப் பெயர் சொல்லி அழைத்துத் தமக்கு உரியவராக்கிக் கொள்கிறார் என்று எசாயா நூலின் 43-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து ஒரு புதுப் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தால், அந்தப் பிள்ளையின் உண்மையான பெயர் என்ன என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கே ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டு அது அழுதுகொண்டு வந்தால், இதெல்லாம் ஒரு விசயமா என்று தள்ளிவிடாதீர்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள், அன்பிய ஒருங்கிணைப்பாளர்கள், இளைஞர் இயக்கத்தினர் யாவரும் இந்த வாரம் ஒரு காரியம் செய்யலாம். தினமும் பார்க்கும், ஆனால் பெயர் தெரியாத ஒருவரிடம் பெயரைக் கேட்டு, அவர் சொல்லும்வரை காத்திருந்து, அதன்பின் அந்தப் பெயரிலேயே அவரை அழைக்கலாம். நமக்கு இதில் செலவு ஒன்றுமில்லை. கேட்கிறவர் மனம் குளிரும்.

ஓல்கோசாவில் ஒரு தாய் தன் மகளுக்கு வைத்த பெயரைக் கொள்ளையர் பறித்தனர். அந்த மகளே அதை மறந்தார். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. ஆனால் பெயர் பறிபோன தம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் இறைவன் நினைவில் வைத்திருக்கிறார் என்பது நம் விசுவாசம். 1947-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்த மகள் அவர் முன் வந்து நின்றபோது, தாய் அழைத்த அதே பெயரால் அவர் அழைத்திருப்பார்.

புனித ஜோசபின் பக்கித்தாவே, எங்கள் நாவைக் காத்தருள எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.